பசுவைக் குடிலில் வைத்திருக்கிறேன்

செண்பகனூர், கொடைக்கானல்
3.12.2025

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இன்று சவேரியார் திருநாள். காலைப் பூசைக்குப் போய், உன் பேருக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன். வந்ததும் போன் போட்டேன், மணி அடித்து நின்றுவிட்டது. வேலையில் இருந்திருப்பாய். அதனால்தான் கடிதம். அப்பா இருந்தால் அவர் எழுதியிருப்பார், அவர் கையெழுத்தும் முத்து முத்தாக இருக்கும். என் கிறுக்கலைப் பொறுமையாகப் படி.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பார்த்தபோது முகம் ஒடுங்கித் தெரிந்தது. பின்னால் சுவர் பச்சையாக இருந்தது. முன்பெல்லாம் வெள்ளைச் சுவர்தானே, நான் கொடுத்தனுப்பிய சலேத் மாதா படம்கூட அதில்தான் மாட்டியிருந்தது. பெயிண்ட் அடித்தீர்களா? வாடகை வீட்டில் அதற்கெல்லாம் விடுகிறார்களா? சும்மாதான் கேட்கிறேன். பெங்களூரிலும் இப்போது குளிர் என்கிறார்கள். காலையில் வண்டியில் போகும்போது கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொள். வெறும் வயிற்றில் கிளம்பாதே.

இங்கே இன்னும் உறைபனி விழவில்லை. மழை விட்டு வானம் வெளுத்தால்தான் விழும். மூலை அறை ஓட்டில் ஒழுகியது, ஆள் வைத்து மாற்றியாகிவிட்டது. நீ அனுப்பிய பணம்தான். மாதம் பிறந்தால் முதல் தேதி தவறுவதில்லை. பக்கத்து வீட்டு பாய் சம்சாரம்கூடச் சொன்னார், இப்படிப் பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் பணம் வந்தது என்று பாங்கிலிருந்து மெசேஜ் வருகிற நாளில் உன் குரலையும் இரண்டு நிமிஷம் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

சின்னவள் 23-ஆம் தேதி வருகிறாள். பிள்ளைக்கு நாலு வயதாகிவிட்டது. இந்த வருஷமும் குடிலில் இயேசு பாலனை வைக்கப்போவது அவன்தான். இப்போதிருந்தே மதுரையிலிருந்து போன் போட்டு, "அம்மாச்சி, பாப்பா தூங்குதா, முழிச்சிருச்சா" என்று கேட்கிறான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் தொடங்கிய ஞாயிறே குடிலுக்கு இடம் ஒதுக்கிவிட்டேன். பாசியைப் பின்பக்கத் தடுப்புச் சுவரிலிருந்து எடுத்தேன். அப்பா மாதிரி ஓடைவரை இறங்க முட்டி விடவில்லை. அவர் எடுத்து வரும் பாசி கம்பளி மாதிரி ஒரே விரிப்பாக வரும், உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்குத் துண்டு துண்டாகத்தான் வந்தது. ஒட்டுப் போட்டு வைத்திருக்கிறேன். ஸ்டாரும் கடையில் வாங்கியதுதான். மூங்கில் சிம்பைச் சீவி, கலர் பேப்பர் ஒட்டி, பனியில் பசை விட்டுப்போகாமல் மேலே கண்ணாடிக் காகிதம் சுற்றி அவர் கட்டுவாரே, அதெல்லாம் இனி யார் செய்வது? நீ கற்றுக்கொண்டாய். நீதான் இங்கே இல்லை.

முதல் ஞாயிறு வெறும் கொட்டகை. இரண்டாவது ஞாயிறு ஆடு மாடுகள். ரோஜா நிற மெழுகுவர்த்தி ஏற்றும் ஞாயிறு இடையர்கள். நாலாவது ஞாயிறு மாதாவும் சூசையப்பரும். மூன்று ராஜாக்களும் ரேடியோ மேலிருந்து கிளம்பி, தினம் ஒரு சாண் நகர்ந்து, ஜனவரி 6 அன்றுதான் குடிலுக்கு வந்து சேர வேண்டும். தீவனத் தொட்டி மட்டும் காலியாகவே இருக்கும், நடுராத்திரிப் பூசை முடிந்து நாம் வீடு திரும்பும்வரை.

ஒரு வருஷம் பூசை முடிந்து வரும்போது பாதை நடுவில் காட்டுமாடு நின்றதே. அப்பா டார்ச்சை அணைத்துவிட்டு நம் எல்லோரையும் வேலி ஓரம் நிறுத்தினார். புல்லெல்லாம் உறைபனி, கால் மாற்றினால் நொறுங்குகிறது. அது மூச்சு விட விடப் புகையாக வந்தது. நீ என் முந்தானைக்குள் இருந்துகொண்டு, "அம்மா, குடிலுக்கு மாடு வந்துட்டுது" என்றாய். அரை மணி நேரம் நின்றிருப்போம். வீட்டுக்கு வந்து பிளாஸ்க்கில் இருந்த சுக்குக் காப்பியைக் குடித்துவிட்டு, நீதான் பாலனை வைத்தாய். அந்தச் சுரூபம் இன்றும் அதே ஹார்லிக்ஸ் பாட்டிலில் பஞ்சுக்குள்தான் இருக்கிறது. இரண்டு வயதில் நீ கடித்து ஒடித்த சுண்டுவிரல் அப்படியேதான்.

தம்பி, இதையெல்லாம் உனக்குத் தெரியாததுபோல எழுதிக்கொண்டிருக்கிறேன். நான் எழுத வந்தது வேறு.

2022 கிறிஸ்துமஸ் உனக்கு மறந்திருக்காது. மருமகள் முதல்முறை நம் வீட்டுக்கு வந்த கிறிஸ்துமஸ். 24-ஆம் தேதி சாயங்காலம் நான் அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தேன். அவள் குடில் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டிருந்தாள். நம் பசுவுக்குக் கொம்பு உடைந்திருக்கிறது என்று நீ எப்போதோ சொல்லியிருக்கிறாய் போல. தன் அம்மா வீட்டுக் கொலுவிலிருந்து ஒரு மண் பசுவைத் துணியில் சுற்றி பெங்களூரிலிருந்து மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தாள். அதைத் தொட்டி பக்கத்தில் வைத்தாள். பாட்டிலைத் திறந்து பாலனையும் எடுத்துத் தொட்டியில் வைத்துவிட்டு, "அத்தை, வந்து பாருங்களேன்" என்று என்னைக் கூப்பிட்டாள்.

நான் வந்து பார்த்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. பாலனை எடுத்துப் பாட்டிலில் போட்டு மூடினேன். அந்தப் பசுவையும் எடுத்து பீரோவில் வைத்தேன். நீ வாசலில் ஸ்டார் கட்டியபடி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு அவள் அடுக்களையில் வெங்காயம் உரித்தாள். கண் சிவந்திருந்தது. வெங்காயத்தால்தான் என்று நானே நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

அப்பா போட்ட ஒழுங்கு, அதை மாற்றக்கூடாது என்றுதான் செய்தேன் என்று சின்னவளிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். அது பொய். சின்னவளுக்கு அம்மை போட்டிருந்த வருஷம், பிள்ளை விழித்திருக்க மாட்டாள் என்று அப்பாவே ராத்திரி ஏழு மணிக்குப் பாலனை அவள் கையில் கொடுத்து வைக்கச் சொன்னார். நானும் பக்கத்தில்தான் நின்றேன், சிரித்தேன். ஒழுங்கு என்றால் அன்றைக்கும் ஒழுங்குதானே. கொரோனா சமயத்தில் நீ ரெஜிஸ்தர் ஆபீசில் கல்யாணத்தை முடித்துவிட்டு போனில் சொன்னாயே, அந்தக் கோபம் எனக்குள் கிடந்தது. உன்னிடம் காட்டத் துணிவில்லாமல் அந்தப் பிள்ளையிடம் காட்டினேன்.

அடுத்த வருஷம் நீங்கள் வரவில்லை. நடுராத்திரிப் பூசையில் சாமியார் பிரசங்கத்தில் சொன்னார், குடில் வைக்கும் வழக்கத்துக்கு அன்றோடு 800 வருஷமாம். 1223-இல் இத்தாலியில் கிரேச்சோ என்ற மலையூரில் அசிசி பிரான்சிஸ் முதல் குடிலைச் செய்தபோது ஒரு தொட்டி, வைக்கோல், உயிரோடு ஒரு மாடு, ஒரு கழுதை, இவ்வளவுதானாம். அவர் மாடு என்று சொன்னதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வீட்டுக்கு வந்து ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் பீரோவைத் திறந்தேன். என் பட்டுப்புடவைக்குப் பின்னால் அந்தப் பசு இருந்தது. வெள்ளைப் பசு, கழுத்தில் நீலமணி வரைந்திருக்கிறது. இரண்டு கண்ணுக்கும் ஒற்றை மயிர்த் தூரிகையால் இமை போட்டிருக்கிறார்கள். நான் வைத்த வேகத்தில் இடது காது மூளியாகியிருக்கிறது, அதை அப்போதுதான் பார்த்தேன். அன்று ராத்திரியிலிருந்து வருஷாவருஷம் அது குடிலில்தான் நிற்கிறது. இரண்டாவது ஞாயிறுவரை காத்திருக்காமல் இந்த வருஷம் முதல் ஞாயிறே வைத்துவிட்டேன். இதை உன்னிடம் சொல்ல எனக்கு இரண்டு வருஷமாகியிருக்கிறது.

அவளிடம் நானே பேச வேண்டும். அந்த எண்ணுக்குப் போட்டால் சுவிட்ச் ஆஃப் என்று வருகிறது. எண் மாறியிருந்தால் எழுது. நீயும் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போ, தம்பி. உனக்கு என் வாய் இருக்கிறது. அப்பாவுடைய பொறுமை சின்னவளுக்குத்தான் போனது. எதற்கும் பேச்சை வளர்க்காதே. விட்டுக்கொடு.

வருவதானால் முன்னாலேயே சொல், இட்லி மாவு இந்தக் குளிரில் பொங்க இரண்டு நாளாகிறது. காரில் வந்தால் இ-பாஸ் எடுக்க மறந்துவிடாதே, போன வருஷம் மே மாதத்திலிருந்து கேட்கிறார்கள். அரசு பஸ்ஸில் வந்தால் அது வேண்டாம். மலை ஏறும்போது மப்ளர் கையிலேயே இருக்கட்டும்.

அதிரச மாவு நாளைக்கு இடிக்கிறேன். உன் பழைய பச்சை ஸ்வெட்டரைச் சுற்றி அடுப்பு ஓரம் வைத்தால்தான் பக்குவம் வரும். 15-ஆம் தேதி சுட்டு, அடுத்த நாளே பார்சல் போட்டுவிடுவேன். பழைய முகவரிக்குத்தானே போட வேண்டும்? உனக்கு ஒரு டப்பா, அவளுக்கு ஒரு டப்பா என்று தனித்தனியாகக் கட்டவா, இல்லை ஒரே பெரிய டப்பாவாகப் போடவா? அதை மட்டுமாவது எழுது.

இப்படிக்கு,
அம்மா