அந்த முகமூடி வேடிக்கைப் பொருள் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் குடியேறிய மெக்சிக்கக் குடும்பம் ஒன்றைப் பற்றிய முகமூடி மல்யுத்தத் திரைப்படத்துக்குத் தங்கள் நாளிதழில் வெளியான விமர்சனம், அம்முகமூடியைச் சிறுவர்களுக்கான வேடிக்கை என்று ஒரே வரியில் ஒதுக்கியது எனக்கு மிகுந்த வருத்தம் அளித்தது.

'லூச்சா லிப்ரே' எனப்படும் அந்த மல்யுத்தம், 1933-இல் சால்வடோர் லுத்தெரோத் மெக்சிகோவில் அதற்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கிய காலம் முதல் உழைக்கும் மக்களின் கொண்டாட்டமாக வளர்ந்தது. முகமூடியைப் பந்தயமாக வைத்துத் தோற்றவர், பின்னந்தலையில் கட்டிய கயிற்றை மேடையிலேயே அவிழ்த்து, முகத்தைக் காட்டி, இயற்பெயரையும் வெளியிட்டாக வேண்டும். ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்த முகமூடி மல்யுத்த வீரர் எல் சாந்தோ 1984-இல் மறைந்தபோது, அவருடைய வெள்ளி முகமூடியுடனேயே அடக்கம் செய்யப்பட்டார். வேடிக்கைக்காக அணிந்த ஒன்றை யாரும் கல்லறை வரை கொண்டுபோவதில்லை.

புலம்பெயர்ந்த குடும்பத்துக்கு இது இன்னும் நெருக்கமானது. பகலெல்லாம் யாரும் பெயர் கேட்காத ஆளாகக் கட்டட வேலை செய்யும் தந்தை, இரவில் முகத்தை மறைத்த பிறகே ஊர் கூடி அழைக்கும் பெயரைப் பெறுகிறார். உரிய ஆவணங்கள் இல்லாதவருக்கோ, முகத்தை மறைப்பது என்பதே அன்றாட அச்சத்தோடும் பின்னிக் கிடக்கிறது. மகன் பின்னால் நின்று, தந்தையின் தலைமுடி சிக்காதபடி விலக்கிவிட்டு, அந்தக் கயிற்றை முடிச்சிடும் காட்சியில் என் கண்கள் கலங்கின. அதைப் பற்றி விமர்சனத்தில் ஒரு சொல்கூட இல்லை.

அயல்நாட்டு மக்களின் வாழ்வைச் சொல்லும் படங்களை விமர்சிப்பவர்கள், அவர்களின் மரபையும் சற்றே அறிந்து எழுதுமாறு தாங்கள் அறிவுறுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்