கேமராவுக்கு பேட்டரி உண்டு, மோடத்துக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏற்காட்டில் பூட்டிக் கிடக்கும் வீட்டைச் சேலத்திலிருந்து கைபேசியில் கண்காணிப்பவர்கள் பலர். மின்சாரம் போனதும் கேமரா யுபிஎஸ் (மின்வெட்டில் மின்சாரம் தரும் பேட்டரிப் பெட்டி) மூலம் ஓடும்; ஃபைபர் மோடம் அணைந்துவிடும். பிறகு எச்சரிக்கை எந்த வழியாக வரும்? மோடம், ரௌட்டர் இரண்டையும் அதே யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி 40 வாட் சுமையை ஒரு மணி நேரம் தாங்கினாலே பெரிது.

யுஎஸ்பி இணைப்புள்ள யுபிஎஸ்ஸுடன் (மலிவானவை பலவற்றில் இது இருக்காது) ராஸ்பெரி பை என்ற சிறு கணினி ஒன்றைச் சேர்த்து, ‘நட்’ என்ற இலவச மென்பொருளை நிறுவினால் மின்வெட்டுச் செய்தியைக் கைபேசிக்கு அனுப்பலாம். ஆனால், மின்சாரம் இருக்கும்போது அந்த மென்பொருள் காட்டும் 13.6 வோல்ட்டை நம்பாதீர்கள். அது சார்ஜர் தரும் மின்னழுத்தம்; செத்த பேட்டரியிலும் ஏறக்குறைய அதே எண்தான் தெரியும். மாதம் ஒருமுறை தோட்டக்காரரிடம் சொல்லி யுபிஎஸ்ஸுக்கான சுவிட்சை அணைக்கச் செய்து, அரை மணி நேரம் வோல்ட் இறங்குவதைப் பாருங்கள். சில நிமிடங்களிலேயே 11-க்குச் சரிந்தால் பேட்டரியை மாற்றியாக வேண்டும்.

கோடை இடிமழையில் மோடமே போய்விட்டால் எந்தச் செய்தியும் வராது. அதனால் வீட்டிலுள்ள ராஸ்பெரி பை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இணையம் வழியே வெளியே உள்ள சர்வருக்கு ‘இருக்கிறேன்’ என்று குரல் கொடுக்கட்டும். குரல் நின்றால் சர்வர் உங்களை எழுப்பும்.

- வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்