அரசு ஊழியர் மீதான கோபமும் தனியார் ஊழியரின் முதுமையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு ஊழியர் வேலை செய்யாமல் சம்பளம் வாங்குகிறார், தனியார் ஊழியர்தான் உழைத்துத் தேய்கிறார் என்ற பொருளில் தங்கள் இதழில் தொடர்ந்து வெளிவரும் வாசகர் கடிதங்களைப் படித்தபின் இதை எழுதுகிறேன். குமுளியில் ஏலக்காய் வணிக நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதும் நான் அரசுச் சம்பளம் வாங்குபவன் அல்லன். என் வீட்டிலும் அப்படி ஒருவரும் இல்லை.

அரசு அலுவலகங்களின் தாமதத்தையும் கையூட்டையும் நான் மறுக்கவில்லை. ஆனால் இடுக்கி மாவட்டத்தில் பட்டயம் எனும் நில உரிமைப் பத்திரத்துக்காகத் தலைமுறைக் கணக்கில் காத்திருக்கும் குடும்பங்களின் துயரத்துக்கு, ஏலமலை நிலம் வனமா வருவாய் நிலமா என்ற நெடுநாள் வழக்கும் அரசுகளின் தயக்கமும் எவ்வளவு காரணம் என்பதை எண்ணாமல், தாலுகா அலுவலகத்தில் எதிரே அமர்ந்திருக்கும் எழுத்தர் மீதே முழுக் கோபத்தையும் கொட்டிவிடுகிறோம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்த 2005 முதல், அந்த அலுவலகத்திடம் 30 நாளில் பதில் கேட்க நமக்கு உரிமை உண்டு. உரிய காரணமின்றித் தாமதித்தால் பொதுத் தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். தனியார் நிறுவனத்திடம் இப்படிக் கேட்க நமக்கு வழியில்லை.

'அவர்களுக்கு மட்டும் எதற்கு ஓய்வூதியம்?' என்ற கேள்விதான் என்னை மிகவும் வருத்துகிறது. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 முதலும் கேரளத்தில் 2013 ஏப்ரல் 1 முதலும் அரசுப் பணியில் சேர்ந்தவர்கள், தம் சம்பளத்திலிருந்தும் பணம் செலுத்த வேண்டிய பங்களிப்பு ஓய்வூதியத்தின் கீழ் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களிடமிருந்து பழைய ஓய்வூதியத்தை எடுத்ததால், கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் விடியுமுன் ஜீப்பில் மலையேறி வந்து தோட்டங்களில் காய் எடுக்கும் பெண்களுக்கு ஒரு ரூபாயாவது கூடியதா? இருபது பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கடைகளுக்கு வருங்கால வைப்பு நிதிச் சட்டம் பொதுவாகப் பொருந்துவதில்லை என்பதால், எங்கள் தொழிலில் பலர் எந்தச் சேமிப்பும் இல்லாமல் முதுமையை அடைகிறார்கள். அந்தச் சட்டத்துக்குள் வந்தவர்களுக்கோ, குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டு, பத்தாண்டுகளுக்கும் மேலாக அதே தொகையில் நின்றது. ஒரு முதியவர் மாதம் முழுவதும் மருந்து வாங்கக்கூட அது போதாது.

இந்த நிலைமைக்குப் பொறுப்பானவர் கிராம நிர்வாக அலுவலரோ அரசுப் பள்ளி ஆசிரியரோ அல்லர். சட்டத்தின் வரம்பை விரிக்காத அரசும், தொழிலாளியின் பெயரைப் பதிவேட்டில் சேர்க்கத் தயங்கும் முதலாளியும்தான். தவறு செய்யும் அலுவலர் மீது புகார் கொடுப்போம். ஆனால் அடுத்தவரின் பாதுகாப்பைப் பறிக்கக் கேட்பதைவிட, நமக்கும் அது வேண்டும் என்று கேட்பதே முறை. தோட்டங்களிலும் கடைகளிலும் உழைத்து ஓய்ந்தவர்கள் இன்று எதைக்கொண்டு வாழ்கிறார்கள் என்பதைத் தங்கள் செய்தியாளர்கள் நேரில் கண்டு எழுத வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
குமுளி