இருபது கடைகளும் ஒரு பாண் வண்டியும்

உவர்மலை,
திருகோணமலை.

அன்பின் இரகு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்திருப்பதை அறிந்து நிம்மதி அடைந்தேன். ஆனால், கணினி வந்துவிட்ட பிறகு மனிதனின் தீர்மானத்துக்கு வேலையில்லை என்று நீ எழுதியதை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை.

என் தம்பி மகன் இப்போது பேக்கரி ஒன்றிலிருந்து பாணும் பணிசும் ஏற்றிக்கொண்டு உப்புவெளி, நிலாவெளி, சீனக்குடா, கிண்ணியா எனக் கடை கடையாகப் போடுகிறான். பத்துக் கடைகளென்றால் போகக்கூடிய வரிசைகள் 3,628,800; வினாடிக்குப் பத்து இலட்சம் வரிசைகளை அளக்கும் கணினி அவற்றை நான்கு வினாடிக்குள் முடித்துவிடும். கடைகள் இருபதாகிவிட்டால், ஒவ்வொன்றாக அளந்து முடிக்க அதே கணினிக்கு 77,000 ஆண்டுகள் வேண்டும். ஆகவே கணினியும் தேடலைச் சுருக்கும் உபாயங்களைத்தான் கையாளுகிறது. பல வேளைகளில் நல்லதொரு பாதை கிடைத்ததும் நின்றுவிடுகிறது. 1978இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஹேர்பேர்ட் சைமன் மனிதரைப் பற்றிச் சொன்னதும் ஏறக்குறைய இதுவே: நேரமும் தகவலும் கணிக்கும் ஆற்றலும் மட்டுப்பட்டிருப்பதால், ஆகச் சிறந்ததைத் தேடிக்கொண்டே இராமல், போதுமானது அகப்பட்டதும் நிறுத்திக்கொள்கிறோம். இதைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவனுடைய தொலைபேசிச் செயலி உப்புவெளியில் தொடங்கச் சொன்னது. அவனோ முதலில் கிண்ணியாவுக்குப் போகிறான். சுபஹுத் தொழுகை முடிந்து வருபவர்களுக்காக அங்கே தேநீர்க் கடைகள் இருட்டோடு திறந்துவிடும். அந்நேரத்துக்குச் சூடான பாண் போய்ச் சேராவிட்டால், மறுநாள் அந்தக் கண்ணாடிப் பெட்டியில் வேறு பேக்கரியின் பாண் இருக்கும். தூரத்தைக் குறை என்று மட்டும் பணிக்கப்பட்ட செயலிக்கு இது எப்படித் தெரியும்? எதைக் குறைக்க வேண்டும் என்பதை ஆள்தான் சொல்லியாக வேண்டும்.

கடைக்காரருக்குப் பாணைக் கடனுக்குக் கொடுக்கும் விடயத்தில் மட்டும் நான் உன் பக்கம். தூக்கக் கலக்கத்தில் ஒருவருக்கு மறுத்த கடனை, மனம் நன்றாக இருக்கும் நாளில் அவருக்கே கொடுத்துவிடுகிறான். நிபுணரின் கணிப்பையும் எளிய புள்ளிவிபரச் சூத்திரத்தின் கணிப்பையும் ஒப்பிட்ட ஆய்வுகளை அமெரிக்க உளவியலாளர் போல் மீல் 1954இல் தொகுத்துப் பார்த்தபோது, சூத்திரமே பெரும்பாலும் சமமாகவோ மேலாகவோ நின்றது. ஒரே விபரத்துக்கு இன்றொன்று நாளையொன்று சொல்லாதது அதன் பெரும் பலம்.

அதனால் கொப்பியில் ஒரு விதி எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறேன்: பழைய பாக்கி எவ்வளவு, எத்தனை நாளாக நிற்கிறது, சென்ற தவணைக்குக் காசு வந்ததா. கூட்டுறவுச் சங்கத்தில் நெடுங்காலம் கணக்குப் பார்த்தவன் நீ. இவற்றோடு வேறெதைச் சேர்க்கலாம் என்று எழுதி அனுப்பு.

உன் நண்பன்,
சிவம்