எலுமிச்சைக் கன்றை மட்டும் பார்த்துக்கொள்

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. சம்பா பயிர் இரண்டு நாள் முழுகிக் கிடந்தது, வடிகாலை வெட்டிவிட்டோம், தலை தூக்கிவிட்டது. போனில் சொன்னால் 'சரிப்பா, சரிப்பா' என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய படத்தை அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று தரம் பார்த்தாள். பப்பாளியில் அடி இலையெல்லாம் மஞ்சள், குருத்து தொங்குகிறது. வாடுகிறதே என்று தண்ணீர் ஊற்றுவதாக எழுதியிருந்தாய். ஊற்றாதே அம்மா. அது தாகத்தில் வாடவில்லை. களிமண்ணில் தண்ணீர் நின்றால் வேருக்குக் காற்று கிடைக்காது. மூச்சு முட்டிய வேரால் பக்கத்தில் இருக்கிற தண்ணீரைக்கூட எடுக்க முடியாது. பப்பாளி இதை இரண்டு மூன்று நாள்கூடத் தாங்காது, போனால் போகட்டும். எலுமிச்சைக் கன்றைக் காப்பாற்றலாம். அதைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, தெருப் பக்கம் வடியவிடு. இப்போது உரம் எதுவும் வேண்டாம்.

வெட்டும்போது பாத்திக்குள் இறங்காதே. நெல்லுக்கு நாம் சேறடிப்பதே தண்ணீர் கீழே இறங்காமல் நிற்கத்தான். ஈரத்தில் தோட்டத்தை மிதித்தால் அதே வேலையைத்தான் செய்கிறோம். மழை விட்டதும் ஒரு பிடி மண்ணை உருட்டிக் கட்டைவிரலால் அழுத்திப் பார். உதிர்ந்தால் பதம். ஒட்டினால் இன்னும் பொறு.

தை பிறந்ததும் மண்ணைத் திருத்தலாம். மணல் கொட்டச் சொல்வார்கள், கேட்காதே. களியில் கொஞ்சம் மணல் கலந்தால் செங்கல் மாதிரி இறுகிவிடும். மக்கிய எருவும் இலைமக்கும் மூன்று அங்குலம் பரப்பி மேல்மண்ணோடு கிளறு. ஒரு வருஷத்தில் பலன் தெரியாது, வருஷா வருஷம் போடவேண்டும். ஆடியில் பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் பூ எடுக்கும்போது மடக்கிப் புதைத்துவிடு. ஓயாமல் தண்ணீர் நிற்கிற மூலையில் கல்வாழையும் சேம்பும் வை, அவை தாங்கும். மற்றதெல்லாம் ஒரு அடி உயர மேட்டுப்பாத்தியில்தான். அதற்கு மண் சுமக்க ஆள் வேண்டும். மாப்பிள்ளைக்கு நேரம் இருக்குமோ என்னவோ.

உன் சம்பளத்தில் மடிப்பாக்கத்தில் வீடு வாங்கியதை நான் சொல்லாத ஆள் இந்தத் தெருவில் இல்லை. பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்வான இடம், வேண்டாம் என்றும் அப்போதே சொன்னேன். நீ கேட்கவில்லை.

அந்தப் படத்தின் ஓரத்தில் வாசல்படி தெரிகிறது. ஒரு ஜோடி செருப்புதான் இருக்கிறது என்றாள் அம்மா. மழைக்கு உள்ளே எடுத்து வைத்திருப்பார்கள் என்றேன். எலுமிச்சைக்கு வாய்க்கால் வெட்டிவிடு.

நீ ஒன்பதாவது படிக்கும்போது கொல்லையில் செத்ததே ஒட்டுமாங்கன்று, ஞாபகம் இருக்கிறதா? நீ துவைத்த சோப்புத் தண்ணீரை ஊற்றியதால்தான் போச்சு என்று பெரியத்தை முன்னாலேயே திட்டினேன். நீ பள்ளிக்கூடம் போனதும் அதைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் கறுத்து, தொட்டால் தோல் கையோடு வந்தது. அழுகிய முட்டை வாடை. களிமண்ணில் குழி வெட்டி, அதில் ஆற்றுமணலும் எருவுமாக நிரப்பி நட்டவன் நான்தான். சுற்றிலும் களி, ஐப்பசி மழை முழுக்க அந்தக் குழிக்குள் தொட்டியில் நிற்கிற மாதிரி நின்றிருக்கிறது. உன் சோப்புத் தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அன்றைக்கே எனக்குத் தெரியும். சாயங்காலம் நீ வந்தாய், நான் சொல்லவில்லை. அப்புறமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எது கெட்டாலும் நீ வீட்டில் சொல்வதை நிறுத்திவிட்டாய். அம்மா எப்போதோ கவனித்துச் சொன்னாள், நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தப்பு என்னுடையது செல்வி.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டிக்கு வருகிறேன். மண்வெட்டி கொண்டுவருகிறேன், அங்கே தேடாதே. நீ சொல்லாமல் நான் எதையும் கேட்கமாட்டேன். அம்மா புளிக்காய்ச்சல் கொடுத்தனுப்புகிறாள்.

அதுவரைக்கும் பாத்தியில் கால் வைக்காதே. பப்பாளிக்கும் தண்ணீர் வேண்டாம்.

அப்பா