கியர் பாக்ஸை இறக்குவதற்கு முன்

அன்புள்ள மூர்த்தி,

இங்கே எல்லோரும் நலம். சின்னவன் பன்னிரண்டாவது தேறிவிட்டான். மற்ற கதை நேரில்.

கியர் கோளாறு என்று உன் ஆல்ட்டோ காரின் கியர் பாக்ஸைக் கழற்றி இறக்கப் போகிறார்களாமே, பாபு சொன்னான். கியர் ஆயிலைப் பார்த்தார்களா? என்ஜின் ஆயிலுக்காவது குச்சி இருக்கிறது, இழுத்துப் பார்க்கலாம். உள்ளே கியர் ஆயில் என்று ஒன்று இருப்பதே பாதிப் பேருக்கு நினைவிருப்பதில்லை.

முதலில் என்ஜினை அணைத்துவிட்டு ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார். அப்போது சுலபமாக விழுந்து, ஸ்டார்ட் செய்ததும் முரண்டு பிடித்தால் கிளட்ச்சைச் சந்தேகப்படு. ஓடும்போது ஊளைச் சத்தமோ, கியர் மாற்றுகையில் கரகரப்போ இருந்தால் ஆயிலைப் பார்க்க வேண்டும்.

வண்டியைக் கொஞ்சம் ஓட்டி, சமதரையில் நிறுத்தச் சொல். கியர் பாக்ஸின் பக்கவாட்டில் உள்ள, ஆயில் ஊற்றும் ஃபில்லர் போல்ட்டைத்தான் முதலில் கழற்ற வேண்டும். அவசரப்பட்டுக் கீழ் போல்ட்டைத் திறந்து எல்லாவற்றையும் வடித்த பிறகு ஃபில்லர் போல்ட் துருப்பிடித்துக் கழலாவிட்டால், புது ஆயிலை எந்த வழியாக ஊற்றுவது? அப்படி அவசரப்படக்கூடியவன்தான் நம் பாபு. ஆயில், அந்த போல்ட் ஓட்டையின் விளிம்பு வரை நிற்க வேண்டும். குறைந்திருந்தால் ஆக்ஸில் சீல் (சக்கரத்துக்குப் போகும் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் வளையம்) பக்கம் கசிகிறதா என்று பார்.

பிறகு கீழ் போல்ட்டைத் திறந்து, வடித்ததை நன்றாகக் கவனி. நைசான சாம்பல் நிறப் பசை இருந்தால் பரவாயில்லை, அது வழக்கமான தேய்மானம். பொன்னிறத் துகள் மின்னினால், கியர் மாறும்போது வேகத்தைச் சமப்படுத்தும் சின்க்ரோ வளையம் தேய்கிறது. இரும்புத் துண்டே வந்தால் இறக்கத்தான் வேண்டும், நான் வாயை மூடிக்கொள்கிறேன். ஆனால் என் சந்தேகம் வேறு. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது, உன் வேளச்சேரித் தெருவில் வண்டி மூழ்கிக் கிடந்ததே! என்ஜின் ஆயிலை மாற்றினாய், சீட்டைக் காயவைத்தாய். கியர் பாக்ஸுக்கும் மூச்சுத்துளை உண்டடா, அது வழியாகத் தண்ணீர் புகும். ஆயில் பால் கலந்த காபி மாதிரி வந்தால் அதுதான் காரணம்.

ஆயில் வாங்கும்போது வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் கிரேடையே கேள். ஜிஎல்-4 கேட்டால், அதைவிட உசத்தி என்று ஜிஎல்-5 டப்பாவை நீட்டும் கடைக்காரர்கள் உண்டு. அதில் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் அதிகம்; சில வகை, பித்தளைச் சின்க்ரோ வளையத்தை அரித்துவிடும். போல்ட்டின் பழைய வாஷரையே திரும்ப மாட்டவும் விடாதே.

அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப்போகிற வண்டி அது. பாதி வழியில் கியர் விழாமல் நின்றால் என்ன செய்வாய்? அதனால்தான் இவ்வளவு நீட்டுகிறேன். அதுவரை அவருக்கு ஆட்டோவோ டாக்ஸியோ பிடி, கணக்குப் பார்க்காதே.

வடித்த ஆயிலை ஒரு பாட்டிலில் பிடித்து, வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பு. அதைப் பார்க்காமல் யாரிடமும் முன்பணம் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
செல்வம்