பூனை போய்விட்டது

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு எல்லோரும் நலம். அங்கு நீயும் தங்கச்சியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன்னுடைய மூன்று கடிதங்களுக்கும் நான் பதில் எழுதவில்லை. மின்வெட்டைக் காரணம் காட்டலாம் என்றால், மின்சாரமே இல்லாத ஊரிலிருந்து விளையாடுவதற்கு மட்டும் எப்படி நேரம் கிடைத்தது என்று நீ கேட்பாய். ஆகையால் காரணம் எதுவும் சொல்லாமல் நேரே செய்திக்கு வருகிறேன். பூனை போய்விட்டது. செத்துப் போகவில்லை, செத்திருந்தால் எழுப்பியிருப்பேன். என்னை விட்டு ஓடிவிட்டது.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற நம் இணைய விளையாட்டுக்கான அறுபது நாள் அட்டையை உன் காசில் வாங்கி அனுப்பியவன் நீ என்பதால், இதை முதலில் உன்னிடம் சொல்வதுதான் முறை. எந்தப் பூனை என்று உனக்குத் தெரியாமல் இருக்காது. நெட் கடையில் கண்ணாடிக்காரன் வைத்திருந்ததைப் பார்த்து நாம் இருவரும் வயிறெரிந்தோமே, வேட்டைக்காரனாக ஆடுகிறவர்கள் பிடித்துப் பழக்கும் விலங்குகளில் ஒன்றான அந்த ப்ரோக்கன் டூத்தேதான். முப்பத்தேழாம் லெவல், மற்றப் பூனைகள் பெரும்பாலும் இரண்டு நொடிக்கு ஒரு முறை கடிக்கும் இடத்தில் நொடிக்கு ஒரு கடி. மந்திரம் ஓதுகிறவன் வாயைத் திறந்தால் ஓதி முடிப்பதற்குள் நாலு முறை பிடுங்கிவிடும். நர்கீஸ் புயலில் அந்தக் கடையின் கூரையே போன பிறகும், அந்தப் பூனை மேல் எனக்கிருந்த ஆசை மட்டும் போகவில்லை என்பதை நாற்பது வயதை நெருங்கும்போது ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

அதற்காகப் பதினொரு இரவுகள் விளையாட்டுக்குள் இருக்கும் பேட்லாண்ட்ஸ் பாறைகளுக்கு இடையே காத்துக் கிடந்தேன். ரங்கூனில் எங்கள் பேட்டையில் இப்போது நாலு மணி நேரம் மின்சாரம் இருந்தால் நாலு மணி நேரம் இருக்காது என்பது கணக்கு. சில நாள் அந்தக் கணக்கும் தவறும். இரவு ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை எங்கள் முறை வரும் நாட்களில், அம்மாவும் பிள்ளையும் தூங்கிய பிறகு, கைபேசியின் இணையத்தை மடிக்கணினிக்கு இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். பகலெல்லாம் கிடங்கில் உளுந்து மூட்டைக்கும் துவரை மூட்டைக்கும் கணக்கெழுதுகிற அதே விரல்கள்தான். ஆனால் அந்த நாலு மணி நேரம் அவை வேறொருவனுடையவை.

ஒரு வேட்டைக்காரனுடன் ஒரு நேரத்தில் ஒரு விலங்குதான் நிற்க முடியும் என்பதால், நம் கறுப்பனைத் தெல்சமார் ஊர்க் கொட்டிலில் விட்டுவிட்டுப் போயிருந்தேன். கறுப்பனை நீ மறந்திருக்க மாட்டாய். பழைய கறுப்பன் இல்லை. பெயரும் சாதியும் மட்டும் அதே. குள்ளர் இனத்து வேட்டைக்காரனுக்குப் பத்தாம் லெவலில், குள்ளர் நாடான டுன் மோரோவின் பனிக்குள் முதன்முதலில் பழகக் கொடுக்கும் அந்தப் பாறைப் பன்றியையே இந்த முறையும் வைத்துக்கொண்டேன். ரொட்டி, பாலாடைக்கட்டி, மீன், இறைச்சி, பழம், காளான் என்று எதைப் போட்டாலும் முகம் சுளிக்காமல் தின்னும். பன்றித் தொடையைப் பன்றிக்கே போடுகிறாயே, உனக்கு மனசாட்சி இல்லையா என்று நீ அன்று கேட்டதற்கு இன்றும் என்னிடம் பதில் இல்லை. புரட்டாசி சனிக்கிழமையில் முட்டையைக் கூடத் தொடாத நீ, இறைச்சியைத் தவிர வேறொன்றையும் முகர்ந்தும் பார்க்காத ஓநாயை வளர்த்துக்கொண்டு, விரத நாளில் அதற்குக் கறி தேடி ஓடிய கதையை இங்கு யாரும் மறக்கவில்லை என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

சரி, அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். இரவு பத்தரை மணி இருக்கும். பாறைக்குப் பின்னால் அதன் பெயர் தெரிந்தது. சுற்றுமுற்றும் வேறொரு வேட்டைக்காரன் இல்லை. பழக்கும் மந்திரத்துக்கு இருபது நொடி. அந்த இருபது நொடியும் நொடிக்கொரு முறை அது என்னைக் கடித்துக்கொண்டே இருந்தது. உயிர்க்கோடு பாதிக்கும் கீழே இறங்கிய நேரத்தில் என்னுடையதாகிவிட்டது. தூங்கும் பிள்ளையை எழுப்பிக் காட்டலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்.

புதிதாகப் பிடித்த விலங்கின் மகிழ்ச்சியைக் காட்டும் முகச்சின்னம் சிவப்பாகத்தான் இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பையைத் திறந்தேன். உள்ளே ரொட்டியும் பாலாடைக்கட்டியும் காளானும்தான் இருந்தன. எல்லாம் கறுப்பனுக்காகச் சேர்த்து வைத்தவை. பூனை மீனும் இறைச்சியும் தவிர வேறெதையும் தொடாது என்பது எனக்குத் தெரியாத விஷயமா? பதினொரு இரவு பூனைக்காகக் காத்திருந்தவன், பூனைக்கு ஒரு துண்டு இறைச்சி எடுத்து வைக்கவில்லை. ஒரு நப்பாசையில் ரொட்டியைப் போட்டுப் பார்த்தேன். உன் விலங்குக்கு இது பிடிக்கவில்லை என்று சிவப்பு எழுத்தில் வந்தது. பேட்லாண்ட்ஸில் நம் பக்கத்தாருக்கு ஊர் கிடையாது, கார்கத் எதிரிகளுடையது. பதப்படுத்திய பன்றித் தொடை விற்கும் கடைக்குப் போக வேண்டுமானால் மலையிடுக்கைத் தாண்டி லாக் மோடானுக்குத்தான் இறங்க வேண்டும். அவ்வளவு தூரம் கூடப் போயிருக்க வேண்டாம். தலைக்கு மேலேயே கழுகுகள் வட்டமிட்டுக்கொண்டிருந்தன, நாலைந்தை வீழ்த்தியிருந்தால் இறக்கைக்கறி கிடைத்திருக்கும், இருபது நொடி அதைத் தின்ன விட்டிருந்தால் முகம் மாறத் தொடங்கியிருக்கும்.

நான் அதைச் செய்யவில்லை. நொடிக்கொரு கடியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற அவசரத்தில் நேரே ஓக்ரே என்ற அரக்க மந்திரவாதிகளின் முகாமுக்குள் அதை ஏவிவிட்டேன். பசியில் இருக்கும் விலங்கின் கடி நூற்றுக்கு எழுபத்தைந்துதான் இறங்கும், நிறைவாக இருந்தால் நூற்றிருபத்தைந்து என்று கடையில் புதிதாக வரும் பையன்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவன் நான். திரையில் எண்கள் சிறுத்து வருவதைப் பார்த்தும், ஓக்ரேக்களுக்குத் தோல் தடிப்பு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பூனை இரண்டு முறை செத்தது. இரண்டு முறையும் எழுப்பினேன். செத்து எழும் ஒவ்வொரு முறையும் அதன் மகிழ்ச்சி இன்னும் சரியும் என்பதும் எனக்குத் தெரிந்த கணக்குத்தான்.

அந்த நேரம் பார்த்து அம்மா விழித்துக்கொண்டு, தொட்டியில் தண்ணீர் ஏற்றினாயா என்று கேட்டார். ஒரு மணிக்கு மின்சாரம் போய்விட்டால் காலையில் குளிக்க ஒரு சொட்டு இருக்காது. பூனையைப் பாறை ஓரத்தில் நிறுத்திவிட்டுக் கீழே ஓடினேன். மோட்டாருக்குள் காற்று அடைத்துக்கொண்டது. வாளித் தண்ணீரை ஊற்றி, குழாயைத் தட்டி, அதை இழுக்க வைத்துவிட்டு மேலே வர இருபது நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். என் குள்ளன் பாறை ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தான். பூனையின் படம் இருந்த மூலை காலியாக இருந்தது. உன் விலங்கு ஓடிவிட்டது என்று ஒரே ஒரு வரி.

சிரிக்காதே. அல்லது சிரித்துவிட்டு மேலே படி.

மறுநாள் காலையில் இட்லி தின்றுகொண்டே பிள்ளையிடம் சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி, "பசியோடயேவா போச்சு?" என்பது. இரண்டாவது கேள்வியே இல்லை. காக்கைக்குச் சோறு வைக்க மாடத்துக்குப் போய்க்கொண்டிருந்த அம்மா, பேச்சின் தலையும் வாலும் புரியாமலேயே, "வாயில்லாச் சீவனைக் கட்டி வச்சிட்டு ஒரு வாய் போடாம அப்படி என்னடா வேலை?" என்றார். அது உண்மையான பூனை இல்லை என்று விளக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டேன். விளக்க விளக்க நான்தான் இன்னும் கேவலமாகத் தெரிந்தேன்.

இப்போது நம் பழைய சண்டைக்கு வருகிறேன். உண்மையில் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். விலங்குக்குத் தீனி போடுவது விளையாட்டு இல்லை, அது வேட்டைக்காரன் கட்டும் வரி என்று நீ சொல்வாய். பையில் ஓரிடம் அம்பறாத்தூணிக்குப் போனது, இன்னோரிடம் தீனிக்குப் போனது, மீதி இடத்தில் நாங்கள் எதைச் சுமப்பது என்று கேட்பாய். விளையாட்டை நடத்தும் நிறுவனமும் கடைசியில் உன் பக்கம்தான் சேர்ந்தது. 2008 அக்டோபரில் விலங்குகள் ஏறும் விசுவாசப் படிகளை எடுத்தார்கள், 2010இல் அம்புகளை எடுத்தார்கள், 2011 ஏப்ரலில் மகிழ்ச்சியையே எடுத்துவிட்டு, நிறைவான விலங்குக்குக் கிடைத்த கூடுதல் பலத்தை எல்லா விலங்குக்கும் சும்மாவே கொடுத்துவிட்டார்கள். அன்று நீ வெற்றிக் களிப்பில் எனக்கு அனுப்பிய செய்தி இன்னும் நினைவிருக்கிறது. 2019இல் விளையாட்டின் பழைய வடிவமான கிளாசிக் வந்து பழைய முறை திரும்பியபோது, அதே நீதான் முதல் ஆளாக ஓநாய் பிடிக்கப் போனாய் என்பதும் நினைவிருக்கிறது.

உன் வாதத்தில் பாதி சரி என்று இன்றும் ஒப்புக்கொள்வேன். பையில் இடம் இல்லைதான். விலங்கின் லெவலுக்கும் தீனியின் லெவலுக்கும் பொருத்தம் பார்த்து வாங்குவது கல்யாணப் பொருத்தம் பார்ப்பதை விடத் தொல்லைதான். ஆனால் அந்த ஆறு விசுவாசப் படிகளை யோசித்துப் பார். கலகக்காரன், அடங்காதவன், பணிந்தவன், நம்பத்தக்கவன், விசுவாசி, உற்ற நண்பன். ஆறாவது படிக்குக் காசு கொடுத்துப் போக முடியாது, ஒரே இரவில் ஓடிப் போகவும் முடியாது; அதைப் பசியில்லாமல் வைத்திருந்து, பக்கத்தில் வைத்திருந்து, நாட்களைக் கழித்துத்தான் போக முடியும். கறுப்பன் ஆறாவது படிக்கு வந்த அன்று திரையில் வாணவேடிக்கை எதுவும் நடக்கவில்லை. தற்செயலாக அதன் பக்கத்தைத் திறந்தபோது எழுத்து மாறியிருந்தது, அவ்வளவுதான். எனக்கு அந்த வாரம் முழுவதும் மனம் நிறைந்திருந்தது.

ஓடிப் போகவே முடியாத ஒன்று என்னோடு நின்றால், அது நிற்கிறது என்பதில் எனக்கு என்ன பெருமை இருக்கிறது? 2011க்குப் பிறகு வந்த விலங்குகள் எல்லாம் வில்லைப் போல, கவசத்தைப் போல இன்னொரு கருவி. ரங்கூன் ஆற்றைக் கடக்கும் டலா படகில் கடற்காக்கைகளுக்கு நாம் தீனி வாங்கி எறிவோமே, அது கூட இதை விட மேல். அவற்றுக்கு நாம் யாரென்று தெரியாது, ஆனாலும் கை காலியானால் அடுத்தவன் பக்கம் பறந்துவிடும் என்ற நேர்மை அவற்றிடம் இருந்தது. பூனை செய்ததும் அதைத்தான். எனக்கு அதன் மேல் கோபம் வரவில்லை. பழக்கிய அரை மணி நேரத்துக்குள் இரண்டு முறை சாகவிட்டு, பட்டினியோடு பாறையில் நிறுத்தியவனிடம் அது ஏன் இருக்க வேண்டும்? பதினொரு இரவும் நான் அதன் கடி வேகத்தைப் பற்றி நினைத்தேனே தவிர, அது என்ன தின்னும் என்று ஒரு முறை கூட நினைக்கவில்லை. இதை நினைத்தால்தான் இன்னும் எனக்கு உறுத்துகிறது. நீ இதைப் படித்துவிட்டு, இவன் விளையாட்டை எங்கே கொண்டுபோய் முடிச்சுப் போடுகிறான் பார் என்று தங்கச்சியிடம் சொல்வாய். சொல்லிக்கொள்.

கொட்டிலுக்குத் திரும்பிப் போய்க் கறுப்பனை வெளியே எடுத்தேன். அதே பச்சை முகம். பையிலிருந்த பழைய ரொட்டியைப் போட்டேன். தலையைக் குனிந்து தின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளை, காளானையும் போடச் சொன்னாள். வயிறு நிறைந்த விலங்குக்குப் போடுவது வீண் என்று நான் சொல்லியும் கேட்கவில்லை, போட்டேன். இப்போது சனிக்கிழமைகளில் தீனிப்பை அவள் பொறுப்பு. லாக் மோடான் ஏரிக்கரையில் மீன்பிடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள், என்னை விடப் பொறுமை அதிகம். பூனையை மறுபடியும் தேடலாம் என்று நான் சொன்னதற்கு, பையில் இருபது மீன் சேர்ந்த பிறகு பார்க்கலாம் என்று பதில் வந்தது. நேற்றுவரை பதினான்கு.

மற்ற செய்திகள்: கண்ணாடிக்காரன் மௌல்மேனில் கடை போட்டுவிட்டான், கண்ணாடியை மட்டும் இன்னும் மாற்றவில்லை. வாத்தியாருக்கு முழங்கால் வலி, காளி கோயில் வரை நடப்பதோடு சரி, உன்னைக் கேட்டார். அம்மாவின் மூக்குக் கண்ணாடிக்கு நீ அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது.

உன் ஓநாய் இன்னும் கொட்டிலில்தான் இருக்கிறதா? கொட்டிலில் இருப்பதற்குப் பசிக்காது என்று நீ தப்பித்துக்கொள்வாய் என்று தெரியும். இருந்தாலும் வரும் சனிக்கிழமை எங்கள் முறை ஒன்பதிலிருந்து ஒன்று வரை. உங்கள் நேரத்துக்குப் பத்தரை மணி. இறைச்சி நான் எடுத்து வருகிறேன். தெருவில் பிள்ளைகள் "மீ லாபீ" என்று கத்துகிறார்கள், மின்சாரம் வந்துவிட்டது. தொட்டியில் தண்ணீர் ஏற்றிவிட்டுத்தான் இன்று மடிக்கணினியைத் திறப்பேன்.

அன்புடன்,
உன் குள்ளன்